கழுத்தைப் பார்த்து வாங்குங்கள்: திருகோணமலையில் பழைய பேஸ் கிற்றார் தேடுவோருக்கு

திருகோணமலையில் பேஸ் கிற்றார் பழகத் தொடங்கும் ஒருவர் பெரும்பாலும் பழைய வாத்தியம் ஒன்றைத்தான் முதலில் தேட வேண்டியிருக்கிறது. நகரில் புதிய பேஸ்களுக்கான தெரிவு குறைவு. கொழும்பில் தெரிவு உண்டு என்றாலும், இறக்குமதிச் செலவு ஏறிய அந்த விலை, தொடர்ந்து பழகுவோமா என்று இன்னும் உறுதியில்லாதவருக்குப் பெரிய சுமை. அதே வேளையில் கைமாறக் காத்திருக்கும் பழைய பேஸ்கள் இங்கு இல்லாமலில்லை. தேவாலயப் பாடகர் குழுவில் வாசித்தவர் வெளிநாடு போகிறார். கோயில் திருவிழா மேடைகளில் வாசித்த இசைக்குழு கலைந்துவிடுகிறது. உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் பருவகாலத்தில் வாசித்த இளைஞர் வேறு தொழிலுக்குப் போகிறார். இவற்றோடு, ஜப்பானிலிருந்து வரும் பாவித்த பொருட்களை விற்கும் கடைகளிலும் இடைக்கிடை ஒரு பேஸோ அம்பிளிபையரோ தலைகாட்டும்.

வாங்கப் போகும் எவரும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: பழைய பேஸின் பெறுமதி அதன் கழுத்தில் இருக்கிறது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் பழுதானால் மாற்றலாம், உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிஜ் துருப்பிடித்தால் மாற்றலாம், கரகரக்கும் குமிழைக் கழுவலாம், கீறல் விழுந்த உடலை அப்படியே விட்டு வாசிக்கலாம். கழுத்து முறுக்கிக்கொண்டால் மட்டும், பெரும்பாலான மலிவு வாத்தியங்களில், திருத்தும் செலவு வாத்தியத்தின் விலையையே தாண்டிவிடும். கடற்காற்றும் வாடைக்கால ஈரமும் கச்சான் காலத்து வெக்கையும் மாறி மாறி வரும் ஓர் ஊரில் இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

எதைத் தேடுவது

மின்சார பேஸ் கிற்றாரின் இன்றைய வடிவத்துக்கு வழிவகுத்தது 1951இல் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட பிரிசிசன் பேஸ். 1960இல் அதே நிறுவனத்தின் ஜாஸ் பேஸ் வந்தது. இன்று சந்தையில் உள்ள மலிவான பேஸ்களில் பெரும்பகுதி இவ்விரண்டில் ஒன்றின் அமைப்பைப் பின்பற்றியே செய்யப்படுகிறது. புதியவர் இந்த இரண்டு அமைப்புகளுக்குள் நிற்பதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். காரணம் ஒலி அல்ல, உதிரிப்பாகம். பிக்கப், பிரிஜ், சுருதி கூட்டும் சாவி, குமிழ் எதுவானாலும் இந்த இரண்டு வடிவங்களுக்கும் பொருந்தும் பாகங்கள் கொழும்பிலும் இணையத்திலும் கிடைக்கும். வினோத வடிவமுள்ள பேஸ் ஒன்றின் பிரிஜ் உடைந்தால், அதே துளைகளுக்குப் பொருந்தும் இன்னொன்றைத் தேடி மாதக்கணக்கில் அலைய நேரும்.

தந்தியின் அதிரும் நீளம், அதாவது தலைப்பக்கத்தில் தந்திகள் தங்கும் நட்டிலிருந்து பிரிஜ் வரையிலான தூரம், வழமையான பேஸில் 34 அங்குலம், ஏறக்குறைய 864 மில்லிமீற்றர். 30 அங்குலக் குறுநீளப் பேஸ்களும் உண்டு. சிறிய கை உள்ளவர்களுக்கு அவை இலகுவாக இருக்கும். ஆனால் அவற்றுக்கான தந்திகளைக் கொழும்புக்கு வெளியே வாங்குவது கடினம் என்பதை மனதில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். ஐந்து தந்திப் பேஸ் தொடக்கத்துக்குத் தேவையில்லை. நான்கு தந்திகளையும் ஈ, ஏ, டீ, ஜீ என்று சுருதி கூட்டி, அவற்றில் தெளிவாக வாசிக்கப் பழகுவதற்கே போதிய காலம் பிடிக்கும்.

பெயர்களைப் பொறுத்தவரை, யமஹாவின் ஆர்.பி.எக்ஸ்., டீ.ஆர்.பி.எக்ஸ். தொடர்கள், ஐபனேஸின் ஜீ.எஸ்.ஆர். தொடர், ஸ்குவையர், கோர்ட் ஆகியவை தொடக்கக்காரருக்கு நம்பகமானவை. ஸ்குவையர் என்பது ஃபெண்டர் நிறுவனத்தின் மலிவு விலைப் பெயர். 1982 முதல் அப்பெயரில் கிற்றார்கள் வருகின்றன. தலைப்பகுதியில் ஃபெண்டர் என்ற எழுத்து இருந்தும் விலை ஸ்குவையரை விடக் குறைவாக இருந்தால் அது போலி என்று எடுத்துக்கொண்டே பேச்சைத் தொடங்குங்கள். ஒட்டப்பட்ட எழுத்தையும் தொடர் இலக்கத்தையும் எவரும் நகலெடுக்கலாம். போலி என்பதற்காக ஒரு பேஸை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கழுத்து நேராக இருந்து, பெயரில்லாத பேஸ் ஒன்றின் விலைக்கு வந்தால் அது வாசிப்பதற்குத் தகுந்ததே. பெயருக்கென்று ஒரு ரூபாயும் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பார்க்கப் போகும்போது

நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். கொழும்பிலோ கண்டியிலோ உள்ளவர் விற்பதாக இருந்தால், பயணத்துக்குப் பணம் செலவழிக்கும் முன் படங்களைக் கேளுங்கள். “அண்ணா, கழுத்தைப் பிரிஜ் பக்கத்திலிருந்து தலைப்பக்கம் நோக்கி நெடுக்காக ஒரு படம் எடுத்து அனுப்புவீங்களா? பின்பக்க மூடியைக் கழற்றி உள்ளே தெரிகிற மாதிரியும் ஒன்று” என்று பணிவாகக் கேட்டால் நேர்மையான விற்பனையாளர் எவரும் மறுக்கமாட்டார். கிண்ணியாவிலோ மூதூரிலோ விற்கும் நானாவிடம் அதே கேள்வியை அதே மரியாதையோடு கேளுங்கள். முன்பக்கத்தை மட்டும் பளபளப்பாகப் படமெடுத்து அனுப்பி, கழுத்தின் படத்தைக் கேட்கும்போது பேச்சை மாற்றுபவரிடம் போய் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: நன்றாக வேலை செய்யும் ஒரு கேபிள், ட்யூனர் செயலி உள்ள கைத்தொலைபேசி, சிறிய டோர்ச், புதிய 9 வோல்ற்றுப் பற்றறி ஒன்று, மலிவான மல்ரிமீற்றர், நான்கைந்து எலன் சாவிகள், ஒரு பீலர் கேஜ். கடைசியாகச் சொன்னது பலருக்குப் புதிதாக இருக்கலாம். மோட்டார் சைக்கிள் திருத்துமிடங்களில் வால்வு இடைவெளி அளக்கப் பாவிக்கும் அந்த மெல்லிய தகட்டுக் கட்டுத்தான் பேஸின் கழுத்தையும் அளக்கிறது. வாகன உதிரிப்பாகக் கடைகளில் வாங்கலாம். அது கிடைக்காவிட்டால் ஒரு விசிற்றிங் கார்ட் போதும். அதன் தடிப்பு ஏறக்குறைய 0.3 மில்லிமீற்றர், அதாவது நமக்கு வேண்டிய இடைவெளிக்கு மிக அண்மையானது.

கழுத்து

பேஸைக் கையில் எடுத்தவுடன் வாசிக்கத் தொடங்காதீர்கள். முதலில் சரியான சுருதிக்குக் கூட்டுங்கள். நீண்டகாலம் தளர்ந்து கிடந்த தந்திகளோடு கழுத்தைப் பார்ப்பதில் பயனில்லை, ஏனென்றால் சுருதி கூட்டிய நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தை 70 கிலோவுக்கு மேற்பட்ட விசையுடன் முன்னோக்கி இழுக்கின்றன, அந்த இழுப்பின் கீழ் கழுத்து எப்படி நிற்கிறது என்பதைத்தான் நாம் அறிய வேண்டும். கூட்டிய பிறகு பத்து நிமிடமாவது விட்டு, மறுபடி சுருதி பாருங்கள்.

இப்போது பேஸின் அடிப்பகுதியை உங்கள் முகத்தருகே பிடித்து, கழுத்தின் இரு விளிம்புகளையும் தலைப்பக்கம் நோக்கிப் பாருங்கள். இரண்டு விளிம்புகளும் ஒரே மாதிரி, மிக இலேசாக முன்னோக்கி வளைந்திருக்க வேண்டும். ஒரு விளிம்பு நேராகவும் மற்றது வளைந்தும் இருந்தால், அல்லது நட்டும் பிரிஜும் ஒன்றுக்கொன்று சாய்வாகத் தெரிந்தால், அது முறுக்கு. மிக இலேசான முறுக்கோடும் சில பேஸ்கள் நன்றாக வாசிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதை மதிப்பிட அனுபவம் வேண்டும். உங்களுக்கு அது முதல் பேஸ் என்றால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.

அடுத்தது வளைவை அளத்தல். ஃபிரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி. ஈ தந்தியைத் தலைப்பக்கமிருந்து முதலாவது ஃபிரெட்டில் ஒரு கையாலும் கடைசி ஃபிரெட்டில் மறு கையாலும் அழுத்திப் பிடியுங்கள். அப்படிப் பிடித்த தந்தி ஒரு நேர்கோடாகிவிடும். எட்டாவது ஃபிரெட்டின் உச்சிக்கும் தந்தியின் அடிக்கும் இடையே உள்ள வெளியை உடன் வந்தவர் பீலர் கேஜால் அளக்கட்டும். 0.25 முதல் 0.35 மில்லிமீற்றர் வரை இருந்தால் கழுத்து நல்ல நிலையில் இருக்கிறது. இடைவெளியே இல்லாமல் தந்தி ஃபிரெட்டில் படுத்துவிட்டால் கழுத்து முற்றிலும் நேராகவோ பின்னோக்கி வளைந்தோ இருக்கிறது. ஒரு மில்லிமீற்றர் வரை இடைவெளி தெரிந்தால் அளவுக்கு மீறி முன்னோக்கி வளைந்திருக்கிறது. இவை இரண்டும் தன்னளவில் குறைகள் அல்ல. திருத்த முடியுமா என்பதே கேள்வி, அதற்கு விடை ட்ரஸ் ரொட்டில் இருக்கிறது.

ட்ரஸ் ரொட் என்பது கழுத்தின் உள்ளே நெடுக ஓடும் இரும்புத் தண்டு. அதன் முனையிலுள்ள திருகை வலஞ்சுழியாக இறுக்கினால் தண்டு தந்திகளின் இழுப்பை எதிர்த்துக் கழுத்தை நிமிர்த்தும். இடஞ்சுழியாகத் தளர்த்தினால் தந்திகள் கழுத்தை முன்னோக்கி வளைக்க இடம்விடும். விற்பவரின் அனுமதி பெற்று, சரியாகப் பொருந்தும் எலன் சாவியால் கால் சுற்று மட்டும் தளர்த்திப் பின் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இதமான எதிர்ப்போடு அசைந்தால் நல்லது. எதிர்ப்பே இல்லாமல் எவ்வளவு திருப்பினாலும் சுழன்றுகொண்டே இருந்தால் தண்டு முறிந்தோ திருகு கழன்றோ இருக்கலாம். சற்றும் அசையாவிட்டால் துருவேறியிருக்கலாம், அல்லது முன்னைய உரிமையாளர் கடைசிவரை இறுக்கியிருக்கலாம். இறுக்க இடமில்லாத தண்டும் முன்னோக்கி வளைந்த கழுத்தும் சேர்ந்திருந்தால் அந்தப் பேஸை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். திருகின் அறுகோண வாய் தேய்ந்து வட்டமாகியிருந்தாலும் அதே முடிவுதான். சில பழைய அமைப்புகளில் இந்தத் திருகு கழுத்தின் உடற்பக்க முனையில் மறைந்திருக்கும். கழுத்தைக் கழற்றாமல் அதைத் தொட முடியாது. அங்கே விற்பவர் முன் சோதிக்க வழியில்லை என்பதால், அளவு சரியாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

காலநிலையையும் கணக்கிலெடுங்கள். மரம் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று வீங்கும், இழந்து சுருங்கும். கார்த்திகை, மார்கழி மழையில் சரியாக இருந்த கழுத்து, ஆனி, ஆடி மாதங்களின் கச்சான் காற்றில் வேறு அளவு காட்டும். எந்தப் பக்கம் நகரும் என்பது மரத்துக்கு மரம் மாறுபடும். எனவே ட்ரஸ் ரொட் இரு பக்கமும் அசையக்கூடிய நிலையில் இருப்பது இந்த ஊரில் கட்டாயத் தேவை. குளிரூட்டிய அறையில் நெடுநாள் கிடந்த பேஸில் ஃபிரெட் முனைகள் கழுத்தின் விளிம்பைத் தாண்டிக் கையில் குத்துவதுண்டு. மரம் சுருங்கியதன் அடையாளம் அது. நுண் அரத்தால் தேய்த்துச் சரிசெய்யலாம்.

கழுத்தின் கடைசி ஃபிரெட்டுகள், உடலோடு சேரும் இடத்தில், மேல்நோக்கி எழும்பியிருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். இந்த எழுச்சியை ட்ரஸ் ரொட்டால் சரிசெய்ய முடியாது. அறிய ஒரே வழி வாசித்துப் பார்ப்பதுதான்: ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் ஒருமுறை அழுத்தி மீட்டுங்கள். 20 ஃபிரெட் உள்ள பேஸில் 80 சுரங்கள், சில நிமிட வேலை. அம்பிளிபையரில் இணைக்காமலே செய்யுங்கள், அதிர்ந்து உரசும் ஒலியும் அடைத்துப்போகும் சுரமும் அப்போதுதான் தெளிவாகக் கேட்கும். ஜீ தந்தியில் ஐந்தாவது முதல் ஏழாவது ஃபிரெட் வரையுள்ள பகுதியில் ஒரு சுரம் மற்றவற்றை விட விரைவில் மங்கினால் பயப்பட வேண்டாம். நல்ல விலையுள்ள பேஸ்களிலும் அது உண்டு. மரத்தின் அதிர்வு அந்த இடத்தில் தந்தியின் ஆற்றலை உறிஞ்சுகிறது.

ஃபிரெட்டுகளும் உலோகப் பாகங்களும்

ஃபிரெட்டுகளில் தந்திகளின் அடியில் பள்ளம் விழுந்திருப்பது பழைய பேஸில் இயல்பு. ஆழமில்லாத பள்ளத்தைச் சமப்படுத்தலாம். ஃபிரெட்டின் உயரமே விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்குத் தேய்ந்திருந்தால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும், அதற்குரிய கைவினைஞர் அருகில் இல்லாத நிலையில் அது பெரிய செலவு.

கடற்கரைக்கு அண்மையில் இருந்த பேஸில் முதலில் கெடுவது பிரிஜில் ஒவ்வொரு தந்தியும் தங்கும் சாடில் என்ற சிறு துண்டுகளின் திருகாணிகள். ஒவ்வொன்றையும் சிறிய எலன் சாவியால் கொஞ்சம் அசைத்துப் பாருங்கள். வெளியே தெரியும் துருப் புள்ளிகள் அழகைக் கெடுக்கும், அவ்வளவுதான். திருகாணி இறுகிப்போய் அசையாவிட்டால் தந்தியின் உயரத்தை மாற்ற முடியாது, பிரிஜையே மாற்றும் செலவை விலையில் கழிக்க வேண்டும். சாவிகளைச் சுழற்றிப் பாருங்கள். உதறலோடு சுழலும் சாவி சுருதியைப் பிடித்து வைக்காது.

மின்பகுதி

பாசிவ் பேஸில் பற்றறி இல்லை. அக்டிவ் பேஸில் 9 வோல்ற்றுப் பற்றறியில் இயங்கும் ஒரு சிறு மின்சுற்று உண்டு. புதியவருக்கு நான் பாசிவ் பேஸையே பரிந்துரைக்கிறேன், பழுதுபார்ப்பது இலகு என்பதால். அக்டிவ் பேஸாக இருந்தால் பற்றறிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். கசிந்த பற்றறியின் உப்பு பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருந்தால் அது உள்வயர்களையும் அரித்திருக்கக்கூடும். நீங்கள் கொண்டுபோன புதிய பற்றறியைப் போட்டே சோதியுங்கள். பலர் பேஸ் பழுதென்று நினைத்து விற்பது வெறுமனே பற்றறி இறந்த பேஸைத்தான். அக்டிவ் பேஸ்களில் கேபிளைச் செருகியவுடன் பற்றறி இயங்கத் தொடங்கும், கழற்றாமல் விட்டால் தானே தீர்ந்துவிடும்.

பாசிவ் பேஸின் பிக்கப் உயிரோடு இருக்கிறதா என்று அம்பிளிபையர் இல்லாமலே அறியலாம். கேபிளைப் பேஸில் செருகி, குமிழ்களை முழுதும் திறந்து, கேபிளின் மறுமுனையிலுள்ள நுனியிலும் தண்டிலும் மல்ரிமீற்றரின் கம்பிகளை வைத்துத் தடையை அளவுங்கள். பிரிசிசன் வகைப் பிக்கப் பொதுவாக 10 கிலோ ஓம் அளவில் காட்டும். ஜாஸ் வகையில் ஒரு குமிழை முழுதாகக் குறைத்துவிட்டு மற்றதைத் திறந்தால் 7 முதல் 8 கிலோ ஓம் வரை வரும். இரண்டையும் திறந்தால் அதன் பாதியளவு. 100 கிலோ ஓமுக்கு மேல் காட்டினால் பிக்கப்பின் சுருள் எங்கோ அறுந்திருக்கிறது, மீற்றர் அப்போது அளப்பது குமிழின் தடையை மட்டுமே. பூச்சியம் காட்டினால் குறுஞ்சுற்று. அது பெரும்பாலும் ஜாக்கில் ஒரு வயர் மற்றதில் தொட்டுக்கொண்டிருப்பதாகவே இருக்கும், பற்றாசு வைத்தால் சரியாகிவிடும்.

பின்னர் அம்பிளிபையரில் இணைத்துக் கேளுங்கள். குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் அது தூசியும் உப்பும். பெரும்பாலும் கொன்ரக்ட் கிளீனருக்கு அடங்கும். இரைச்சல் இருந்து, தந்தியைத் தொட்டவுடன் அது குறைந்தால் பிரிஜுக்கான நிலத்தொடுப்பு வயர் நன்றாக இருக்கிறது. தொட்டாலும் மாற்றமில்லை என்றால் அந்த வயர் பிரிஜின் அடியில் அரித்துப் போயிருக்கலாம். கடலோர ஊர்களில் இதையும் எதிர்பார்த்துப் பார்க்க வேண்டும், திருத்துவதும் எளிது. தொடும்போது கையில் சுரீரென்று மின் உணர்வு வந்தால் உடனே கையை எடுத்து அம்பிளிபையரை நிறுத்துங்கள். குறை பேஸில் அல்ல, அம்பிளிபையரிலோ வீட்டின் மின்னிணைப்பிலோ இருக்கிறது.

அம்பிளிபையர்

இங்கே உயிராபத்து உண்டு என்பதால் அவசரப்படக் கூடாது. இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். ஜப்பானிலிருந்து வந்த அம்பிளிபையர்கள் பல 100 வோல்ற்றுக்குச் செய்யப்பட்டவை. பின்பக்கத் தகட்டில் 100 வோல்ற்று என்று மட்டும் எழுதியிருக்கும் ஒன்றைச் சுவரில் நேரடியாகச் செருகினால் அது அந்த நொடியே எரிந்துபோகலாம். 100 முதல் 240 வரை என்று எழுதியிருந்தால் பிரச்சினை இல்லை. 100 மட்டும் என்றால், தகட்டில் உள்ள மின்நுகர்வை விடக் குறைந்தது ஒன்றரை மடங்கு திறனுள்ள மின்மாற்றி ஒன்றின் விலையையும் சேர்த்தே அதன் விலையைக் கணக்கிடுங்கள்.

மூன்று முனைப் பிளக்கின் நிலத்தொடுப்பு முனையை இரைச்சலைக் குறைப்பதற்காக வெட்டிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. வெட்டியிருந்தால் புதிய வயரும் பிளக்கும் மாட்டாமல் பாவிக்கவே வேண்டாம். மேடையில் ஒரு கையில் தந்தியும் உதட்டில் மைக்கும் இருக்கும்போது, அந்த முனைதான் உங்களைக் காக்கிறது. அம்பிளிபையரின் உட்பகுதியை நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே உள்ள பெரிய கொள்ளளவிகளில் மின் தேங்கி நிற்கும். கண்ணாடிக் குழாய் (வால்வு) பூட்டிய வகையில் அது நூற்றுக்கணக்கான வோல்ற்றாக இருக்கும்.

ஸ்பீக்கரைச் சோதிப்பது எளிது. இரு கைகளின் விரல்களாலும் கூம்பின் மையத்தைச் சுற்றி மெதுவாகவும் சமமாகவும் அழுத்துங்கள். உரசும் ஓசை கேட்டால் உட்சுருள் எரிந்தோ இடம் மாறியோ இருக்கிறது. கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையம் ஈரக் காற்றில் உதிர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பின்பு ஈ தந்தியைத் திறந்து மீட்டிச் சற்று நேரம் ஒலிக்க விடுங்கள். அதன் அடிப்படை அதிர்வெண் ஏறக்குறைய 41 ஹேர்ட்ஸ். நலிந்த ஸ்பீக்கர் அந்த இடத்தில்தான் தடதடக்கும். இதே காரணத்துக்காகவே சாதாரண லீட் கிற்றார் அம்பிளிபையரில் பேஸை உரத்து வாசிப்பது அதன் ஸ்பீக்கரைக் கிழிக்கும். ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத அம்பிளிபையர்), பொக்ஸ் (ஸ்பீக்கர் பெட்டி) என்று தனித்தனியாக வாங்குபவர்கள் ஓம் கணக்கை மறக்கக் கூடாது: 8 ஓம் பொக்ஸ் இரண்டைச் சமாந்தரமாக இணைத்தால் 4 ஓம் ஆகும். ஹெட்டில் குறிப்பிட்டுள்ள ஆகக் குறைந்த ஓமுக்குக் கீழே போனால் அது சூடேறிக் கெட்டுவிடும்.

எவ்வளவு பெரிது வாங்குவது? வீட்டில் பழக 15 முதல் 30 வாற்று வரை போதும். கோயில் திருவிழாவிலோ திருமண மண்டபத்திலோ வாசிக்கும்போது பேஸின் ஒலியை, அதை மிக்சருக்கு ஏற்ற சைகையாக்கும் டீ.ஐ. பெட்டி வழியாக ஒலியமைப்பாளரின் மிக்சருக்குக் கொடுப்பதே வழமை. ஆகவே முதல் ஆண்டில் பெரிய அம்பிளிபையர் வாங்கும் பணத்தை நேரான கழுத்துள்ள பேஸில் போடுங்கள்.

விலை பேசுதல்

குறைகளை ஒவ்வொன்றாகக் குரலுயர்த்திச் சொல்லி விலையைக் குறைப்பது நம்மவர்களிடையே நல்ல பழக்கமாகக் கருதப்படுவதில்லை, பலனும் தருவதில்லை. பார்த்து முடித்த பின், புதிய தந்தி, பிரிஜ், குமிழ் என்று உண்மையாகவே செலவழிக்க வேண்டியவற்றின் தொகையைச் சொல்லி, அதைக் கழித்துக் கேளுங்கள். பெட்டி, பட்டி, கேபிள் உண்டா என்று கேட்க மறக்க வேண்டாம். வாங்கிய பற்றுச்சீட்டு இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தொடர் இலக்கத்தைக் குறித்து, விற்றவரின் கையெழுத்துடன் ஒரு துண்டுக் கடதாசியாவது பெறுங்கள். பஸ்ஸில் கொண்டுவருவதாக இருந்தால் தந்திகளைப் பாதியளவு தளர்த்தி, தலைப்பகுதியைத் துணியால் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள்.

திருத்தும் ஒழுங்கு

வீட்டுக்கு வந்ததும் ஒழுங்கு முக்கியம். ஒன்றைச் செய்தால் அடுத்தது மாறும் என்பதால் படிகளை முன்பின்னாக மாற்றக் கூடாது.

முதலில் துப்புரவு. பழைய தந்திகளைக் கழற்றுங்கள். கருமையான றோஸ்வுட் விரற்பலகையை இலேசாக ஈரமாக்கிப் பிழிந்த துணியால் துடைத்து உடனே உலர்த்தி, மரத்துக்கான எண்ணெயை மிகச் சிறிதளவு தடவித் துடைத்தெடுங்கள். வார்னிஷ் பூசிய வெளிர் நிற மேப்பிள் பலகைக்கு எண்ணெய் வேண்டாம். ஃபிரெட்டுகள் கறுத்திருந்தால் பலகையை ஒட்டுநாடாவால் மறைத்து மெருகிடுங்கள். நுண்ணிய இரும்புப் பஞ்சைப் பாவித்தால் பிக்கப்புகளை முழுதும் மூடிக்கட்டுங்கள், ஏனென்றால் உதிரும் துகள்கள் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் எளிதில் அகலாது. துருநீக்கும் எண்ணெயை உலோகத்தில் மட்டும், அதுவும் துணியில் எடுத்தே பாவியுங்கள். மரத்தின் மீதோ குமிழ்களுக்குள்ளோ தெளிக்க வேண்டாம். பட்டி மாட்டும் ஆணியின் துளை தளர்ந்திருந்தால் வன்மரச் சீவல் ஒன்றைத் தச்சர் பசையுடன் செருகி, காய்ந்த பின் திருகாணியை முடுக்குங்கள்.

அடுத்து மின்பகுதியைச் சரிசெய்து, அதன் பிறகே புதிய தந்திகளைப் பூட்டுங்கள். 45 முதல் 105 வரையான (அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்குக் கணக்கில்) தடிப்புத் தொகுதி பொதுவான அளவு. தந்தியைச் சாவியில் இரண்டு மூன்று சுற்று வரும்படி அளந்து, முனையை மடித்த பின்னரே வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் சுற்றுக்கம்பி பிரிந்து தந்தி உயிரிழக்கும். சுருதி கூட்டி ஓர் இரவு விட்டுவிடுங்கள்.

மறுநாள் மறுபடி சுருதி கூட்டி, எட்டாவது ஃபிரெட் இடைவெளியை அளவுங்கள். ட்ரஸ் ரொட்டை ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்ப வேண்டாம். ஒவ்வொரு முறையும் சுருதி பார்த்து, சற்று நேரம் விட்டு, மீண்டும் அளவுங்கள். 0.3 மில்லிமீற்றர் அளவில் நின்றவுடன் கையை எடுத்துவிடுங்கள்.

இப்போது தந்தியின் உயரம். எதையும் அழுத்தாமல், 17ஆவது ஃபிரெட்டின் உச்சியிலிருந்து தந்தியின் அடிவரை அளவுங்கள். ஈ தந்திக்கு 2.4 மில்லிமீற்றரும் ஜீ தந்திக்கு 2 மில்லிமீற்றரும் நல்ல தொடக்கம். சாடில் திருகாணிகளைத் திருப்பி இதை அடையலாம். தந்திகள் உரசினால் சற்று உயர்த்துங்கள். உயரம் அதிகம் என்பதற்காக ட்ரஸ் ரொட்டை இறுக்குவது புதியவர்கள் பலர் செய்யும் தவறு. அது வளைவுக்கானது, உயரத்துக்கானது அல்ல.

பிறகு சுரத்தூய்மை. 12ஆவது ஃபிரெட்டில் தந்தியை இலேசாகத் தொட்டு வரும் ஹார்மோனிக்கையும், அதே ஃபிரெட்டில் அழுத்தி மீட்டும் சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் கூடுதலாக இருந்தால் சாடிலைக் கழுத்திலிருந்து விலக்குங்கள், குறைவாக இருந்தால் கழுத்தை நோக்கி நகர்த்துங்கள். கடைசியாக பிக்கப்பின் உயரம்: கடைசி ஃபிரெட்டை அழுத்திய நிலையில் தந்திக்கும் பிக்கப்புக்கும் இடையே சுமார் 3 மில்லிமீற்றர் விட்டு, நான்கு தந்திகளும் ஒரே அளவு உரத்து ஒலிக்கும்வரை திருகாணிகளால் சரிசெய்யுங்கள்.

நட்டின் பள்ளங்களை அராவுவதையும் ஃபிரெட்டுகளைச் சமப்படுத்துவதையும் நீங்களாகச் செய்ய வேண்டாம். தேய்த்தெடுத்ததைத் திருப்பி ஒட்ட முடியாது. அவற்றுக்கு அனுபவமுள்ளவரைத் தேடுங்கள்.

கடற்காற்றில் பாதுகாத்தல்

வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் துடையுங்கள். வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்தால் புதிய தந்திகளின் தெளிவு விரைவில் மங்கிவிடும். வாடைக்காலத்தில் ஈரமான துணிப்பைக்குள் பேஸை அடைத்து வைக்காதீர்கள். உள்ளே வைப்பதானால் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அவற்றை அடிக்கடி மாற்றுங்கள். கடலைப் பார்த்த யன்னலருகிலும், வெயில் படும் சுவரிலும், பகலில் பூட்டி நிறுத்திய வாகனத்துக்குள்ளும் வைக்க வேண்டாம்.

சரியாக அமைத்த நாளில் எட்டாவது ஃபிரெட் இடைவெளியையும் 17ஆவது ஃபிரெட் உயரங்களையும் ஒரு கடதாசியில் திகதியோடு எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். வாடை தொடங்கும்போது ஒருமுறையும் கச்சான் தொடங்கும்போது ஒருமுறையும் மறுபடி அளந்து, அந்தக் கடதாசியில் முன்னைய அளவுக்குக் கீழே எழுதுங்கள். உங்கள் கழுத்து எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது ஓர் ஆண்டுக்குள் அதில் தெரியவரும். அடுத்த பருவத்தில் ட்ரஸ் ரொட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்று தடுமாற வேண்டியிராது.